பெருக்காமல் விட்ட மூலை

சென்ற ஐப்பசி மாதத்தில், இரவு முழுவதும் இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு விடியற்காலையில் வெளிவாங்கியிருந்த ஒரு நாள், திருவனந்தபுரம் நகரத்தில் நான் நித்தியம் உலாவப் போகிற பூங்காவின் வடக்கு ஓரத்தில், மூங்கில் புதருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் அரைவட்டமாக நின்றுகொண்டு, ஒருவரும் வாய் திறவாமல் எல்லோரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, பாம்புதான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு குருவி. மைனாவின் பருமன் இருக்கும்; ஆனால் வாலை யாரோ கத்தரித்துவிட்டாற்போல மொட்டையாக இருந்தது. முதுகு பச்சை, மார்பு சந்தனப் பழுப்பு, தொண்டை வெள்ளை, கண்ணின் குறுக்கே கன்னங்கரேலென்று ஒரு பட்டை, தோளிலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு தீற்று, வயிற்றின் அடியிலிருந்து வாலின் வேர் வரைக்கும் குங்குமச் சிவப்பு. இத்தனை வர்ணங்களையும் வைத்துக்கொண்டு அது செய்த காரியமோ மிகவும் சாமானியமானது. நனைந்து ஊறிப்போன சருகு ஒன்றை அலகினால் கவ்விப் பக்கவாட்டில் எறியும். இரண்டு தத்துத் தத்தும். தலையைச் சாய்த்து மண்ணை உற்றுப் பார்க்கும். பிறகு ஒரு மண்புழுவைப் பிடித்து, அது அறுந்து போகாதபடி நிதானமாக இழுக்கும். இழுக்கும்போதெல்லாம் அந்த மொட்டை வால் மெதுவாக மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.

கூட்டத்திலே அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. யாரோ பணக்காரர் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்த வெளிநாட்டுப் பட்சி என்றார் ஒருவர். ஆப்பிரிக்காவிலிருந்து வருவது, ஜோடி இருபதாயிரம் ரூபாய் விலை போகும் என்று விலையையும் சேர்த்தே சொன்னார் மற்றொருவர். கழுத்தில் தொலைநோக்கி தொங்குகிறதே என்ற மரியாதையினால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த மரியாதைக்கு நான் பாத்திரனல்லன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பறவை இன்னதென்று தெரிந்ததே தவிர, பன்னிரண்டு வருஷமாக அதே பூங்காவில் தவிட்டுக்குருவியையும் செண்பகத்தையும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருகிற நானும், ஒரு நாளும் அதை அங்கே பார்த்ததில்லை. "இங்கே எப்படி வந்தது?" என்று அவர்கள் கேட்ட கேள்வியையேதான் என் மனமும் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த சம்பாஷணை நடந்துகொண்டிருக்கையில் எங்களுக்குப் பின்னால், ஈர்க்குமாறும் கூடையுமாக ஒரு தோட்டக்காரர் பொறுமையோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் விலகினால் அந்த மூலையைப் பெருக்க வேண்டும். எட்டு மணிக்குள் பெருக்கியாக வேண்டும் என்பது அவருக்கு இட்டிருந்த உத்தரவு. "கழிஞ்ஞோ, ஸாறே?" என்று அவர் கேட்டது, எங்கள் வேடிக்கை முடிந்துவிட்டதா என்பதுதான். முடிந்தது. நாங்கள் விலகினோம், பறவை புதருக்குள் புகுந்தது, அவர் சருகையெல்லாம் கூட்டிக் குவித்து, மதில் ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தீ வைத்தார். ஈரச் சருகு எரியவில்லை. பத்து மணி வரையில் புகைந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையிலும், அதற்கடுத்த நாலு நாட்களிலும் நான் அந்த மூங்கில் புதருக்கு முன்னால் போய் நின்றதுதான் மிச்சம்.

அது ஆப்பிரிக்கப் பறவையுமல்ல, அபூர்வமான பறவையுமல்ல. விஞ்ஞானிகள் பிட்டா என்று அழைக்கிற அந்தப் பெயரே, குருவி என்று அர்த்தப்படுகிற தெலுங்குச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். வடக்கே நவரங் என்பார்கள். 1766-ஆம் ஆண்டில் இதற்கு இலத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ், எந்த ஜாதியிலே சேர்ப்பது என்று தெரியாமல் காக்கை ஜாதியிலே சேர்த்து, 'குட்டைவால் காக்கை' என்று பொருள்படும்படி எழுதிவைத்தார். காக்கைக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தென்மேற்குப் பருவமழை பெய்கிற மாதங்களில் இமயமலையின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவின் குன்றுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழை ஓய்ந்தபின் தெற்கு நோக்கிப் பிரயாணம் புறப்பட்டு, தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய இடங்களிலே குளிர்காலத்தைக் கழித்து, சித்திரை வாக்கில் திரும்பிப் போவது இதன் வழக்கம். பகலிலே ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவிலுள்ள தூரத்தைக்கூடத் தத்தியே கடக்கிற இந்தப் பிராணி, இரவுகளில் பறந்து பறந்து நூற்றுக்கணக்கான மைல் தூரத்தைத் தாண்டுகிறது என்பதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அந்த இரவுப் பிரயாணத்தில் களைத்து, விளக்கொளியால் மயங்கி, கண்ணாடி ஜன்னலில் முட்டிக்கொண்டு மாடி வராந்தாவில் விழுந்து கிடப்பதும் உண்டு. சிங்கப்பூரில் உயர்ந்த கட்டடங்களில் மோதி மடிகிற பறவைகளை ஆராய்ந்தவர்கள், இதன் நெருங்கிய உறவினமான வேறு பிட்டாக்கள் அந்தக் கணக்கிலே மிகுதியாக அகப்படுவதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வோர் ஐப்பசியிலும் இந்தப் பறவை நம்முடைய நகரங்களின்மீது வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சென்னையில் கிண்டியிலும் அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் பறவை பார்க்கிறவர்கள் வருஷந்தோறும் இதற்காகக் காத்திருப்பார்கள். எங்கள் பூங்காவிலே இறங்கினது, மேலேயிருந்து பார்த்தபோது தெரிந்த கருமையான மரக்கூட்டத்தை நம்பி இறங்கினதாக இருக்க வேண்டும். இறங்கிய இடத்தில் முதல் நாள் ராத்திரி மழையினால் தோட்டக்காரர் பெருக்க முடியாமற் போன சருகு கிடந்தது. அந்த ஒரு நாள் தங்கிற்று.

இது நடந்து சில நாட்களுக்குப் பின் நான் போனக்காட்டுக்குப் போனேன். முன்னமே ஏற்பாடு செய்திருந்த பிரயாணம். நெடுமங்காடு, விதுரை வழியாகப் போய், காணித்தடத்து வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால், பேப்பாறைச் சரணாலயத்தின் காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறுகிற பாதை ஒரு பழைய தேயிலைத் தோட்டத்திலே போய் முடிகிறது. அங்கிருந்துதான் அகஸ்தியர்கூடத்துக்கு, 1,868 மீட்டர் உயரமுள்ள நம்முடைய பொதிகைச் சிகரத்துக்கு, யாத்திரை போகிறவர்கள் நடக்கத் தொடங்குவார்கள். நகரத்துக் குழாய்களில் வருகிற கரமனையாற்றுத் தண்ணீர் உற்பத்தியாகிற மலைகளும் இவையே. நகரத்தின் தாகத்துக்காகத்தான் 1983-இல் பேப்பாறையில் அணை கட்டினார்கள். எனவே போனக்காடு நகரத்துக்கு வெகு தூரத்திலுள்ள ஓர் அந்நிய பிரதேசம் என்று நினைப்பதற்கில்லை. நாங்கள் காலையில் முகம் கழுவுவது அந்த மலையின் தண்ணீரில்.

தோட்டத்தின் தொழிற்சாலை நின்றுபோய் வெகுகாலமாயிற்று. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. வருஷக்கணக்கில் கவாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள், தாங்கள் இயற்கையிலே மரஜாதி என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டவைபோல் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து, நடுவிலே மஞ்சள் தூவி வைத்தாற்போன்ற வெள்ளைப் பூக்களைப் பூத்துக்கொண்டு நிற்கின்றன. லயங்கள் என்று சொல்லப்படுகிற வரிசை வீடுகளில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் தமிழர், மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்பு கங்காணிகள் அழைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

நான் தேடிப் போனது வேறு பறவைகளை. போனக்காட்டுக்கு மேலே, சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி வருகிற உயரங்களில், உலகத்திலே வேறெங்கும் இல்லாத சில பறவைகள் வசிக்கின்றன. அசம்பு மலைகள் என்று பழைய திருவிதாங்கூர்க்காரர்கள் சொன்ன இந்தத் தொடரின் பெயரைத் தாங்கிய சிலப்பன் ஒன்று, சோலைக்கிளி ஒன்று. 2017-ஆம் ஆண்டில் வி. வி. ராபின் முதலான ஆராய்ச்சியாளர்கள் மரபணுக்களைச் சோதித்து, இவை இமயமலை உறவினங்களிலிருந்து நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துபோன தனி இனங்கள் என்று நிரூபித்து, இரண்டு புதிய பேரினங்களையே ஏற்படுத்தினார்கள். அப்போது இங்குள்ள மொழிகளின் சோலையும் சிலப்பனும் சர்வதேசப் பெயர்ப் பட்டியலில் ஏறின. தமிழ் நாக்குக்குச் சோலைக்கிளியையோ, சிலம்பன் என்ற சொல்லின் உடன்பிறப்பான சிலப்பனையோ எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அன்று அவை இரண்டும் எனக்குத் தரிசனம் தரவில்லை. மூடுபனி இறங்கிவிட்டது. காலுறைக்குள் அட்டைகள் புகுந்து, கணுக்காலுக்கு மேலே ஐந்தாறு இடங்களில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. உடன் வந்த காணிக்காரப் பையன் என்னைத் தேற்றுவதற்காக, திரும்பும் வழியில் ஈற்றைப் புதருக்குள்ளே எதையோ சுட்டிக் காட்டினான். வெகுநேரம் எனக்குப் புலப்படவில்லை. கொடியிலே சிக்கிக்கொண்ட இரண்டு காய்ந்த இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இலைகளில் ஒன்று கண்ணைப் பாதி திறந்து மூடியபோதுதான் அது தவளைவாயன் என்று தெரிந்தது. மலையாளத்திலே மாக்காச்சிக்காட என்பார்கள். மாக்காச்சி என்றால் தவளை. இரவெல்லாம் பூச்சி பிடித்துவிட்டுப் பகல் முழுவதும் சருகாகவே இருந்துவிடுகிற ஜீவன். ஆணும் பெண்ணுமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சருகைக் குப்பை என்று நினைக்கிற கண்ணுக்கு அந்தத் தம்பதி அகப்படாது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் முதலில் தோன்றியது.

மத்தியானத்துக்குமேல் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து காலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள், எழுபதைத் தாண்டியவர், கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன உத்தியோகம், இந்த வயதில் மலையில் என்ன தேடுகிறீர்கள் என்ற விசாரணைகளெல்லாம் முடிந்தபின், நகரத்துப் பூங்காவில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஆறுமணிக் குருவில்லா இது! இதப் பாக்கவா டவுனுல கூட்டம் கூடுச்சு?"

"இங்கே வருமா, அம்மா?"

"வராம எங்க போவும்? ஐப்பசில வரும், சித்திரையில போயிரும். காலையில மஸ்டருக்குப் போறப்ப ஒருக்கா கத்தும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருக்கா கத்தும். எங்க அம்மை காலத்துல எந்த வீட்டுல சார் கடிகாரம் இருந்துச்சு?"

நகரத்திலே பதினைந்து படித்த மனிதர்கள் நின்று வியந்த 'எதிர்பாராத' விருந்தாளியை, வருகிற மாதம், போகிற மாதம், பேசுகிற நேரம் முதற்கொண்டு அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. கடிகாரத்தின் மணியைப் பெயராக வைத்திருக்கிற ஒரு பட்சியைப் பார்த்து இது எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டால், தினமும் அதே நேரத்துக்கு வருகிற தபால்காரரைப் பார்த்துத் திடுக்கிட்டவரைப் பார்ப்பதுபோலத்தானே பார்க்கத் தோன்றும்? ஆறுமணிக் குருவி என்பது தமிழகத்திலும் பல இடங்களில் வழங்குகிற பெயர்தான். காசுக்கட்டிக் குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்லுவதுண்டு. இலங்கையிலே சிங்களவர்கள் அதன் கூவலையே பெயராக்கி அவிச்சியா என்கிறார்கள். மயில் தன் ஆடையைத் திருடிக்கொண்டது என்று அது ஓயாமல் முறையிடுகிறதாக அங்கே ஒரு கதை உண்டு. இப்படிப் பெயர் வைப்பதற்கு ஒருவன் பறவையை ஒருமுறை பார்த்தால் போதாது. அதனோடு குடியிருக்க வேண்டும்.

புத்தகங்கள் இல்லாமலில்லை. திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆதரவில் 1933-இல் சாலிம் அலி இந்த சமஸ்தானத்தின் காடுகளிலே மாதக்கணக்கில் கூடாரம் அடித்துப் பறவைகளை ஆராய்ந்தார். திருவனந்தபுரம் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த என். ஜி. பிள்ளை அவருக்குத் துணையாக இருந்தார். அந்த ஆராய்ச்சியின் பலனாக 1953-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. இந்துசூடன் என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் கே. கே. நீலகண்டன் 1958-இல் மலையாளத்திலேயே கேரளப் பறவைகளைப் பற்றி எழுதி, ஒரு தலைமுறையை மரத்தடிகளில் தலைதூக்கி நிற்கவைத்தார். தமிழிலே மா. கிருஷ்ணன் எழுதியவை போதாதென்று நான் சொல்லமாட்டேன். நாம் படித்தது போதாது. 2015 முதல் 2020 வரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து, 361 வகைப் பறவைகளைப் பதிவு செய்த வரைபடத் தொகுதியும் இன்று இருக்கிறது. ஏடுகளில் பறவை பத்திரமாக இருக்கிறது. அது இறங்கி நிற்கிற தரையைப் பற்றித்தான் நமக்கு அக்கறையில்லை.

போனக்காட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பேயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். அங்கே பாழடைந்த துரை பங்களா ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்குழந்தை ஒன்று அங்கே இறந்துபோய் ஆவியாக அலைகிறது என்று கதை. வாரக்கடைசியில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து, சுவரில் தங்கள் பெயரைக் கிறுக்கி, பாட்டுப் பெட்டியை அலறவிட்டு, பேய் தென்படவில்லையே என்ற ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். அந்தச் சத்தத்துக்குப் பேய் எப்படி வரும்? அவர்கள் அரைமணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தால், தவளைவாயனின் பெட்டை அந்தி நேரத்தில் கிறீச்சிடுவதையும், மரணத்துக்கு முன்னறிவிப்பு என்று கேரளத்தார் பயந்து காலன்கோழி என்று பெயரிட்ட ஆந்தையின் நடுங்குகிற குரலையும் கேட்டிருக்கலாம். பங்களாவின் ஆவியைப் பற்றி முதல் முதலில் சொன்னவர் இவற்றில் ஒன்றைத்தான் கேட்டிருப்பார் என்பது என் சொந்த ஊகம். அத்தாட்சி கேட்டால் என்னிடம் இல்லை.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோட்டம் பாழானதால் பறவை பெருகிற்று, ஆகையால் பாழானது நல்லதே என்று வாதிக்க நான் வரவில்லை. சம்பளமும் பணிக்கொடையும் பாக்கி நிற்க, கொழுந்து கிள்ளின விரல்கள் வேறு வேலை தேடிப் போன கதையை அந்தத் திண்ணையிலேயே கேட்டேன். ஒரு குருவியின் அழகு எந்தக் குடும்பத்தின் பாக்கியையும் தீர்க்காது. கவனிக்கத்தக்கது ஒன்றே: அங்கே எவரும் சருகைப் பெருக்கவில்லை. தேயிலைக்கு அடியிலும், லயத்துக்குப் பின்னால் பலாவுக்கு அடியிலும், விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்குகிறது. அதன் ஈரத்திலே பூஞ்சை படர்கிறது. பூஞ்சையையும் மக்கிய இலையையும் நம்பிக் கறையானும் மரவட்டையும் மண்புழுவும் வண்டின் புழுக்களும் உற்பத்தியாகின்றன. அவற்றை நம்பி, ஆயிரம் மைல் கடந்து வந்த பட்சி ஆறுமாத காலம் ஒரே புதரடியைத் தன் சொந்த ஊராக்கிக்கொண்டு வசிக்கிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி சருகு. எங்கள் பூங்காவில் ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்குள் அறுபடுவது அந்தக் கண்ணிதான்.

நம் நகரசபைகளுக்குப் பூங்கா என்றால் ஒரு சித்திரம் உண்டு. நடுவிலே புல்தரை, சுற்றிலும் சிமெண்டுக் கட்டி பாவிய நடைபாதை, கத்தரித்துச் சதுரமாக்கின குரோட்டன்ஸ் வேலி, உயரமான விளக்குகள், சிங்கத்தின் வாயிலிருந்து நீர் கொட்டுகிற தொட்டியோ முயல் பொம்மையோ ஒன்று. ஒரு சருகு தரையில் கிடந்தால் மேஸ்திரிக்கு அவமானம். அந்தப் புல்தரையில் மைனாவும் கொக்கும் மேயும், வேறொன்றும் மேயாது. இப்படிப் பூங்காவை ஒரு வரவேற்பறைபோல வைத்துக்கொள்வது நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் வீடுகளின் கொல்லைப்புறம் அப்படி இருந்ததில்லை. அங்கே வாசல் தெளித்துக் கோலம் போட்ட அதே கைகள், கிணற்றடிக்கு அப்பால் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அடியிலே விழுந்ததை அங்கேயே விட்டுவைத்தன. வாசலுக்கு ஒரு நியாயம், கொல்லைக்கு ஒரு நியாயம் என்று நம் பாட்டிமார்களுக்கு இருந்த விவேகம், பூங்காவைத் திட்டமிடுகிறவர்களிடம் காணோம். அவர்கள் நகரம் முழுவதையும் வாசலாக்கப் பார்க்கிறார்கள்.

நியூயார்க் நகரத்திலே, நிலத்தின் விலை நம் கற்பனைக்கு எட்டாத இடத்தில், 843 ஏக்கர் பரப்புள்ள சென்ட்ரல் பார்க்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த ஓம்ஸ்டெடும் வாக்ஸும், அதன் நடுவில் சுமார் 36 ஏக்கரைக் காடுபோலவே இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்தார்கள். இன்று வலசை மாதங்களில் அந்தக் காட்டுத் துண்டில் கூடுகிற சிறு பறவைகளைக் காண உலகமே போகிறது. 2018 அக்டோபரில் அதே பூங்காவின் குளத்தில் கிழக்காசியாவைச் சேர்ந்த மாந்தரீன் வாத்து ஒன்று திடீரென்று தோன்றி, பத்திரிகைகளெல்லாம் அதைப் பற்றியே எழுதினபோது, கூண்டுப் பறவை தப்பி வந்திருக்கிறது என்று அங்கே பலர் சொன்னார்கள்; அவர்கள் சொன்னது பொருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த வாத்து தானாகவே அமெரிக்காவுக்குப் பறந்து வருகிற ஜாதியல்ல. நாமோ, நம் பாட்டன் காலத்திலிருந்து வருஷந்தோறும் தவறாமல் வருகிற குருவியைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லுகிறோம். அயலூர் உதாரணம் வேண்டாமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. அடையாற்று முகத்துவாரத்தில் கட்டடக் குப்பையைக் கொட்டிப் பாழாக்கியிருந்த 58 ஏக்கர் நிலத்தைச் சீர்திருத்தி 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, உலாவ வருகிறவர்களுக்காகவல்லாமல் அங்கே வாழ்கிற ஜீவராசிகளுக்காக வகுத்த பூங்கா. அரசாங்கம் நினைத்தால் முடியும் என்பதற்கு இது போதும்.

அத்தனை பெரிய காரியத்தைக்கூட நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நகரப் பூங்காவிலும் ஒரு மூலையை, பத்துச் சென்ட் இருந்தால் போதும், ஐப்பசி முதல் சித்திரை வரையில் பெருக்காமல் விடட்டும். அதன்மீது விளக்கு எரிய வேண்டாம். புதரைக் கத்தரிக்க வேண்டாம். மற்ற இடங்களிலே கூட்டுகிற சருகை எரிக்காமல் அங்கே கொண்டுபோய்க் கொட்டட்டும். தோட்டக்காரருக்கு வேலை குறையும், அக்கம்பக்கத்தாருக்குப் புகை மிச்சம். முழங்கால் உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி கட்டி, இது ஏன் இப்படிக் கிடக்கிறது என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். அந்த இரண்டு வரியில் ஆறுமணிக் குருவியின் பெயர் இருந்தால் எனக்குத் திருப்தி.

கொசு வருமே என்பார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். பூங்காவிலே எறிந்த தேநீர்க் கோப்பையிலும் சிரட்டையிலும் அது தேங்குகிற அளவுக்குச் சருகு மெத்தையில் தேங்காது, மண் உறிஞ்சிவிடும். பாம்பு வருமே என்பார்கள். வரலாம், அதை மறுத்துப் பேசுவது யோக்கியமாகாது. ஆனால் நடைபாதையிலிருந்து விலகி, தட்டிக்கு அப்பால், எவருக்கும் போக வேலையில்லாத மூலையில் ஒரு சாரைப்பாம்பு இருப்பது, பூங்காவின் எலிகளுக்கன்றி வேறெவருக்கும் நஷ்டமல்ல. அசுத்தமாகத் தெரியுமே என்பது மூன்றாவது ஆட்சேபம். அதற்கு என்னிடம் பதிலில்லை. கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஈற்றைப் புதரில் தவளைவாயனைக் காண எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

இவற்றையெல்லாம் அன்று சாயங்காலம் லயத்துத் திண்ணையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். மூடுபனி கொஞ்சம் விலகி, தொழிற்சாலையின் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. ஒரு காலத்தில் நாளின் வேளைகளையெல்லாம் வகுத்துக் கொடுத்த இடம். இப்போது அதிலிருந்து ஓசை வருவதில்லை. பலா மரத்தடியில், சருகுக்குள்ளே ஏதோ சலசலத்தது. பிறகு இரண்டு சுருதியில், முதலாவது ஏறி இரண்டாவது இறங்குகிற தெளிவான சீழ்க்கை ஒன்று கேட்டது. ஓடைக்கு அப்பாலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் சொல்லிற்று.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு.

"இன்னும் ஆறு ஆகவில்லையே, அம்மா?"

"மலையில இருட்டு முன்னாடியே வந்திரும்லா" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து, விளக்கு வைக்க உள்ளே போனார்.